ஆமினா இன்னும் ராய்ச்சூரில் நிற்கிறாள்

மகனே, உனக்கு என் ஸலாம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாக இருக்கிற செய்தி சயான் ஆஸ்பத்திரி வாசலில் பழம் விற்கிறவன் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. போன வாரம் அவனிடம் ஆரஞ்சு வாங்க நின்றேன். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். என்னப்பா சிரிப்பு என்று கேட்டேன். "பீரு டிடிஆர் கத ஓடிட்டு இருக்கும்மா. நம்ம தாராவிப் பயதான் ஒருத்தன் சொல்லுதான். வயிறு வலிக்கி சிரிச்சு. நீங்க கேட்டதில்லையா?" என்றான். இல்லை என்று சொன்னேன். கையில் எடுத்த ஆரஞ்சைக் கூடையிலேயே வைத்து, "ஒன் பழம் புளிக்கி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு சுளைகூட வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் அனுப்புகிற வாய்ஸ் நோட்டை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் பெண்டாட்டி சொல்லிவிட்டாள். பாவம், அவள் கோள் சொல்லவில்லை. "அவங்க அவ்வளவு பிஸி மாமி" என்று பெருமையாகத்தான் சொன்னாள். அந்தச் சமயத்தில்தான் நம் ஜமாஅத்தின் ஆண்டு மலருக்கு நோன்புக் கஞ்சி செய்முறை எழுதித் தரச் சொல்லி ஆள் வந்தது. கஞ்சி காய்ச்ச எல்லோருக்கும் தெரியும், வேறொன்று தருகிறேன் என்றேன். அச்சில் வந்தால் உன்னால் வேகமாக ஓட்ட முடியாதே. நாலாவதோடு உன்னைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து எடுத்து இங்கிலீஷ் பள்ளியில் போட்டது நாங்கள்தான். ஊர் முழுக்கத் தமிழில் கதை சொல்கிற நீ, கடைப் பலகையை இன்றைக்கும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். அப்படியே படி. உன் பெண்டாட்டியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே.

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமை. பக்கத்து வீட்டுக்காரிக்கு வந்தால் அதற்குப் பேர் வயிற்றெரிச்சல், பெற்றவளுக்கு வந்தால் கவலை, அக்கறை என்று பேரை மாற்றிச் சொல்லிக்கொள்வார்கள். நான் அப்படிச் சொல்லிக்கொள்ளப்போவதில்லை. என் வயிறு எரிகிறது. உன் குரலுக்கு அத்தனை காதுகள் இருப்பதைப் பார்த்து எரிகிறது. அந்தக் காதுகளுக்காக நீ அந்தக் கதையைச் செய்கிற பாட்டைப் பார்த்து இன்னும் எரிகிறது. நான் இதில் எதைச் சொன்னாலும் பொறாமையில் சொல்கிறாள் என்று நீ தள்ளிவிடலாம். ஆனால் பொறாமைப்படுகிறவளைப் போல உன் கதையை ஒரு சொல் விடாமல் கேட்கிற ஆள் வேறு யாரும் இல்லை என்பதையும் நினைத்துக்கொள்.

மலரைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள். அப்போது நாம் தாராவியில் இருந்தோம். கீழே உன் வாப்பாவின் பெல்ட் பட்டறை, இரும்பு ஏணி ஏறினால் மேலே நம் அறை. நோன்பு மாதத்தில் அஸர் தொழுகைக்குப் பிறகு, நோன்பு திறக்கிற மக்ரிப் பாங்கு சொல்கிற வரைக்குமான நேரம் இருக்கிறதே, அதுதான் பொல்லாத நேரம். கஞ்சியை இறக்கியாகிவிடும். வடை சுட்டாகிவிடும். பேரீச்சம்பழம் தட்டில் இருக்கும். எல்லாம் கண்ணெதிரே இருக்கும், எதையும் தொடக்கூடாது. புதிதாக நோன்பு பிடிக்க ஆரம்பித்த நீயும் உன் தங்கையும் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே மூக்கை உறிஞ்சுவீர்கள். உங்கள் கண்ணைத் தட்டிலிருந்து எடுப்பதற்காக நான் ஆரம்பித்த கதைதான் ஆமினாவின் கதை.

கதை ரொம்பச் சின்னது. திருநெல்வேலியிலிருந்து புதுப் பெண்டாட்டியாகப் பம்பாய் ரயில் ஏறுகிறாள் ஆமினா. தூங்கி எழுந்து பார்த்தால் பூனாவுக்கு முன்னால் வருகிற டவுண்ட் ஸ்டேஷன், பக்கத்தில் புருஷனைக் காணவில்லை. டீ குடிக்க எங்கே இறங்கினான், எந்த ஊரில் ரயிலைத் தவறவிட்டான், ஒன்றும் தெரியாது. பம்பாயில் தாதர் வந்து சேர்ந்தவள் அழுது முடித்துவிட்டு, வந்த வழியே திரும்பி, ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கி அவனைத் தேடிப் போகிறாள். நாளைக்கு ஒரு ஸ்டேஷன், அந்த ஸ்டேஷனில் ஓர் ஆள், அவ்வளவுதான். சட்டம் ஒன்றே ஒன்றுதான். பாங்குச் சத்தம் கேட்டால் கதை அந்த இடத்தில் நின்றுவிடும். ஆமினா வாயைத் திறந்து "என் மாப்பிள" என்று சொன்னதோடு நின்ற நாளும் உண்டு, முகம் கழுவக் குனிந்தவள் மறுநாள் வரைக்கும் குனிந்தபடியே இருந்த நாளும் உண்டு. பெருநாள் பிறை தெரிந்தால் அப்புறம் அடுத்த வருஷம்தான். கதையை எங்கே நிறுத்தினால் நீங்கள் துடிப்பீர்கள் என்று நான் கணக்குப் போட்டதே கிடையாது. நிறுத்துகிற வேலை என் கையில் இல்லை, அது பள்ளிவாசலில் இருந்தது. அதனால் என்னால் எதையும் இழுக்கவும் முடியவில்லை, எதையும் வெட்டவும் முடியவில்லை. அன்றைக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவுதான்.

பீரு பிறந்த அன்று நல்ல மழை. சொல்ல வேண்டிய ஸ்டேஷனைச் சீக்கிரமே சொல்லி முடித்துவிட்டேன், பாங்குக்கு இன்னும் நேரம் கிடந்தது. அதை ஓட்டுவதற்காக ரயிலில் ஒருத்தனை ஏற்றிவிட்டேன். சோர் பஜாரில் வாங்கிய பழைய கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு டிடிஆர் வேஷம் போடுகிறவன். டிக்கெட் எடுத்தவனால் அவனுக்கு என்ன லாபம்? அதனால் ஒவ்வொருவரிடமும் போய் "டிக்கெட் இல்லையா? ரொம்ப நல்லது!" என்று கையைத் தேய்த்துக்கொண்டு சிரிப்பான். நீ பாயில் புரண்டு புரண்டு சிரித்தாய். மறுநாள் எதிர்வரிசைப் பிள்ளைகளைக் கூட்டி வந்தாய். அதற்கு மறுநாள் அந்தப் பிள்ளைகளின் தாய்மார் மருதாணிக் கையோடு வந்து ஏணிப்படியில் உட்கார்ந்தார்கள். அறை நிறைந்துவிட்டது. எல்லோரும் பீருவைக் கேட்டார்கள், நானும் மறுபடி மறுபடி அவனை ஏற்றினேன். ஆள் சேரச் சேர எனக்குத் தொண்டை எப்படித் திறந்தது தெரியுமா? அந்தச் சுகம் எனக்குத் தெரியாதது இல்லை மகனே. ஆனால் ஒரு நாள் மதியம் கஞ்சிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருக்கும்போது, ஆமினா எந்த ஊரில் நிற்கிறாள் என்று எனக்கே ஞாபகம் வரவில்லை. என்ன யோசித்தும் வரவில்லை. அன்று சாயங்காலமே பீருவைக் குண்டக்கல்லில் இறக்கிவிட்டேன். நிஜ டிடிஆர் ஒருவர் வந்தார், இவன் கோட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்தில் நடந்து போய்விட்டான். நீ "நாளைலேருந்து கத கேக்க மாட்டேன் போ" என்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாய். ஏணிப்படிக் கூட்டம் பாதியாகக் குறைந்தது. மறுநாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவன் நீதான்.

அப்புறம் நீங்கள் வளர்ந்தீர்கள். பட்டறையை விற்றுச் செம்பூர் ஃப்ளாட்டுக்கு வந்தோம். நோன்பு வந்தது, பாங்குக்குக் காத்திருக்கிற நேரமும் வந்தது. நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய், உன் தங்கையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமினா எங்கே என்று யாராவது கேட்பீர்கள் என்று முதல் வருஷம் காத்திருந்தேன். இரண்டாவது வருஷமும் காத்திருந்தேன். கேட்காதவர்களிடம் போய்க் கதை சொல்ல நான் என்ன பைத்தியமா? முடிவு என்னிடமே தங்கிவிட்டது.

எத்தனையோ வருஷம் கழித்து, கல்யாணில் உன் வீட்டு அலமாரிக்குள் தலையை விட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளிச்சத்தம் விழாமல் நீ அந்தக் கதையைப் பேசிப் பதிவு செய்து போனில் எல்லோருக்கும் விட ஆரம்பித்தாய். தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது என்கிற உன் கூட்டாளிகளுக்காக என்று சொன்னாய். முதல் கதை எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? "இது எங்க உம்மா நோன்பு மாசத்துல சொன்ன கத." நான் அதை அடுப்படியில் நின்று கேட்டேன். பால் பொங்கி வழிந்தது, அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. அந்த நாட்களில் கேட்டவர்கள் எல்லாம் நம் சொந்தக்காரர்கள்தான். ஆனால் கதை எவ்வளவு நன்றாக இருந்தது! பூனா ஸ்டேஷன் குழாயில் ஆமினா முகம் கழுவுகிற இடத்தில், தண்ணீர் காதோரம் இறங்கும்போது அவளுக்குப் புருஷனின் முகம் சரியாக ஞாபகம் வரவில்லை என்று சொன்னாய். கல்யாணமான சில நாட்களிலேயே தொலைத்தவளுக்கு முகம் மறக்கத்தானே செய்யும்? அது நான் சொன்னது இல்லை, எனக்குத் தோன்றவே இல்லை. உன்மேல் எனக்கு முதன்முதலாகப் பொறாமை வந்தது அந்த இடத்தில்தான். அந்தப் பொறாமை நல்லதாக இருந்தது. என்னைவிடப் பிள்ளை நன்றாகச் செய்கிறானே என்று கொஞ்சம் வலிக்கவும் செய்தது, ஊரைக் கூட்டிச் சொல்லவும் தோன்றியது.

பிறகு பீரு வந்தான். உன் பீரு என் பீருவைவிடக் கெட்டிக்காரன், அதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். எனக்கு அந்தக் குரல் வராது. அந்தச் சிரிப்பில் பாதி இருமல், பாதி பயம். முதல் தடவை கேட்டபோது நானே சத்தமாகச் சிரித்துவிட்டேன், சிரித்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது. யாரோ ஒரு பையன் அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்து, லோக்கல் ரயிலில் ஆடிப் படம் பிடித்துப் போட்டான். அதைப் பார்த்து இன்னொருவன் போட்டான். ஒரே மாதத்தில் மாட்டுங்கா மார்க்கெட்டில் பூக்காரர்கள் "ரொம்ப நல்லது!" என்று ஒருத்தரை ஒருத்தர் கேலி செய்துகொள்கிற அளவுக்கு ஆகிவிட்டது. நீ எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்து வருகிற விருந்தாளிக்கு நாம் அளந்து உலை வைப்போம். சொல்லாமல் வருகிற கூட்டத்துக்குக் கஞ்சியில் தண்ணீரைத்தான் ஊற்ற முடியும். நீ ஊற்றினாய்.

முதலில் போனது "எங்க உம்மா" தான். ஆரம்பத்திலேயே ஆளைப் பிடித்து இழுக்காவிட்டால் அடுத்ததற்குப் போய்விடுவார்கள் என்று யாரோ உனக்குச் சொன்னார்களாம். அந்த இடத்தில் இப்போது பீருவின் சிரிப்பு இருக்கிறது. சரி, நான் போனால் போகிறேன். ஆமினா என்ன பாவம் செய்தாள்? மழை தொடங்குவதற்கு முன்பே அவளை ராய்ச்சூர் பிளாட்பாரத்தில் நிறுத்திவிட்டுப் பீருவின் பின்னால் போனாய். மழையும் முடிந்துவிட்டது. அவள் இன்னும் அங்கேயே நிற்கிறாள், கையில் அதே துணிமூட்டை. நடுவில் என்றாவது ஒரு நாள் அவளை எட்டிப் பார்க்கிறாய், "ஆமினா பெருமூச்சு விட்டாள்" என்று ஒரு வரி சொல்கிறாய், மறுபடி பீருவிடம் ஓடிவிடுகிறாய். தினமும் கதை முடிகிற இடத்தில் இடி இடிக்கிறது, யாரோ ஓடுகிற ரயிலிலிருந்து விழுகிறார்கள். மறுநாள் கேட்டால், விழுந்தவன் பல் துலக்கிக்கொண்டிருக்கிறான். பாங்கு தானாக வந்து நிறுத்தியபோது எனக்கு இப்படி ஒருத்தரைக்கூடத் தள்ளிவிட வேண்டிய அவசியம் வரவில்லை. போன மாதம் அதற்கும் மேலே போய், ஆமினா பீருவைக் கட்டிக்கலாமா வேண்டாமா என்று கேட்கிறவர்களிடம் ஓட்டுப் போடச் சொன்னாய். புருஷனைத் தேடிப் புறப்பட்டவளுக்கு ஊர் கூடி மாப்பிள்ளை பார்க்கிறது, அதற்கு நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டு வாங்குகிறாய். அன்றைக்கு எனக்கு வந்தது பொறாமை இல்லை. அன்றைக்குச் சுத்தமான கோபம்.

இதில் உன் வாப்பாவின் கதை தனி. பட்டறையில் வேலை முடிந்து பாங்கு நேரத்துக்குத்தான் அவர் ஏணி ஏறுவார் என்பது உனக்குத் தெரியும். என் வாயிலிருந்து ஆமினாவைப் பற்றி ஒரு வார்த்தை அவர் கேட்டதில்லை. இப்போது தினமும் காலையில் டீக்குப் பிறகு கட்டிலில் சாய்ந்து உன் கதையைக் கேட்கிறார், தொடையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, நம்ம பய என்னமா யோசிக்கான் பாத்தியா? இந்த மூளை அவனுக்கு எங்கேருந்து வந்திச்சின்னே தெரியல. எங்க வாப்பா மாதிரி போல" என்றார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "ஆமா, ஒங்க வாப்பா மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு மடித்த துணியை எல்லாம் உதறி மறுபடி மடித்தேன். இத்தனை வருஷம் என்னோடு வாழ்ந்த மனிதர் என் கதையை உன் வாயால்தான் முதன்முதலாகக் கேட்கிறார், அதுவும் தண்ணீர் ஊற்றிய கதையை. உன்மேல் எனக்கு எவ்வளவு எரிந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சென்னையில் ஒரு கதைக் கம்பெனி உன்னைக் கூப்பிட்டுவிட்டது, கல்யாண் வீட்டைக் காலி செய்துவிட்டுக் குடும்பத்தோடு அங்கே போகப்போகிறாய், போவதற்கு முன் நம் செம்பூர் வீட்டில் வைத்து ஒரு சின்ன வீடியோ எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாய். காலையிலிருந்து நான் பிரியாணிக்கு நின்றேன். பெருநாளைக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டேன். வீடியோ என்றால் நான்தானே பேச வேண்டியிருக்கும் என்று, என்ன சொல்லலாம் என்றுகூட மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். நீ வந்தாய், கூட ஒரு கேமராக்காரத் தம்பியும் கம்பெனிப் பெண் ஒருத்தியும். நல்ல பெண்தான், செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள், மரியாதையாகத்தான் பேசினாள். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, நீங்களும் ஷோ கேப்பீங்களா? உங்க ஃபேவரிட் யாரு, பீருவா?" என்று கேட்டாள்.

நான் உன்னைப் பார்த்தேன். அந்த ஒரு நொடி போதுமே, நீ சொல்லியிருக்கலாம். "எங்க உம்மாவுக்கும் கதைன்னா ரொம்ப இஷ்டம்" என்று சொல்லிச் சிரித்தாய். எனக்குக் கதை என்றால் இஷ்டமாம். அந்தப் பெண் அடுப்படிக்கு என்னைக் கூட்டிப்போய்ச் சட்டியைக் கிண்டச் சொன்னாள். பிறகு கேமராவைப் பார்த்து "டிக்கெட் இல்லையா? ரொம்ப நல்லது!" என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். "இல்ல ஆன்ட்டி, அண்ணா சொல்ற மாதிரி சொல்லுங்க" என்றாள். மறுபடியும் சொன்னேன். பீருவை உருவாக்கியவளுக்குப் பீரு எப்படிப் பேசுவான் என்று பாடம் நடந்தது. மூன்றாவது தடவை உன்னைப் போலவே சொல்லி முடித்தேன், அவள் கைதட்டினாள், நீயும் தட்டினாய். நீ வேண்டுமென்று மறைத்ததாக நான் நினைக்கவில்லை. யார் சொன்ன கதை என்பது உனக்கே மறந்துவிட்டது. நீ மறைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். அவர்கள் இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள். நீ வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாய்: "உம்மா, அந்த ஆமினா கடைசில என்ன ஆவா? அவன் கெடைப்பானா, மாட்டானா?" எத்தனை வருஷமாகக் காத்திருந்த கேள்வி! "சொல்லுதேன் மக்கா, உள்ள வா, உக்காரு" என்றேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அரே, டைம் நஹி ஹை உம்மா, கீழ வண்டி நிக்கி. ஒரு வரில சொல்லு போதும். எண்டிங்கத் தொடவே கூடாதுன்னு கம்பெனில சொல்லிட்டாங்க. அது எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான அந்தப் பக்கம் போகாம இருக்கலாம்."

நான் மறந்துபோச்சு என்று சொன்னேன். "பரவால்ல, விடு" என்று சொல்லிவிட்டு நீ படியிறங்கிப் போனாய். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

மறக்கவில்லை மகனே. சென்னைக்குப் போ, நன்றாக இரு. உன் குரல் அல்லாஹ் கொடுத்தது, அதைக் கொண்டு பிழைப்பதில் ஒரு தப்பும் இல்லை. பீருவுக்கு வேண்டுமானால் தனிக் கதையே வைத்துக்கொள், அவனுக்கு எத்தனை கோட்டு வேண்டுமானாலும் தைத்துப் போடு, நான் கேட்க மாட்டேன். கைதட்டுகிறவர்களை வெறுக்கச் சொல்லவும் இல்லை. அவர்களுக்குச் சிரிக்க ஒன்று வேண்டும், அதைத்தான் கேட்கிறார்கள். ஆமினாவைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடு என்று அவர்கள் கேட்க மாட்டார்கள், அது அவர்கள் வேலையும் இல்லை. அது உன் வேலை. நீ அதை விட்டுவிட்டதால் என் வேலை ஆகிவிட்டது. முடிவே இல்லாமல் அவளை ராய்ச்சூரில் நிறுத்தி வைத்துச் சம்பாதிக்க என்னால் விட முடியாது. ஆகவே இந்த மலரில், நம் ஜமாஅத்துப் பெண்கள் அத்தனை பேரும் படிக்க, அந்த முடிவை இங்கே எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டி இந்த வரிக்கு வந்து சேர்வதற்குள் யாராவது இதைப் படம் பிடித்துக் கல்யாண் வரைக்கும் அனுப்பியிருப்பார்கள்.

ஆமினா ராய்ச்சூரை விட்டுப் போய்விடுவாள். குண்டக்கல், ரேணிகுண்டா என்று ஒவ்வொன்றாக இறங்கிப் பார்த்து, கடைசியில் திருநெல்வேலிக்கே போய்ச் சேர்ந்துவிடுவாள். எங்கேயும் அவன் இல்லை. ஊரில் எல்லோரும் அவளை இருக்கச் சொல்வார்கள், அவள் இருக்க மாட்டாள். இனித் தேடுவதில்லை, பம்பாய்க்குப் போய்ப் பிழைத்துக்கொள்வது என்று முடிவு செய்து மறுபடி ரயில் ஏறுவாள். வருகிற வழியில், முன்பு அவள் இறங்கித் தேடிய அதே சோலாப்பூரில் வண்டி நிற்கும். ஜன்னலுக்கு நேரே ஒரு டீக்கடை. கடைக்குள் அவன் நிற்பான். பக்கத்துக் கடைக்காரனோடு மராட்டியில் என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டிருப்பான். தொலைந்துபோனவன் அப்படிச் சிரிக்க மாட்டான் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிடும். அவன் ரயிலைத் தவறவிடவில்லை, இறங்கிவிட்டான். அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு டீ கேட்பாள். அவன் நிமிர்ந்து பார்ப்பான், அடையாளம் தெரிந்துகொள்வான், டீயை ஊற்றிக் கொண்டுவந்து கொடுப்பான். ரயில் நிற்கிற நேரம் முழுக்க ஜன்னலோரமே நிற்பான். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்பான், "சீனி போதுமா?" அவள் "போதும்" என்று சொல்வாள். வண்டி கிளம்பிவிடும். அவள் இறங்க மாட்டாள்.

அவ்வளவுதான் கதை. பீரு இதில் இல்லை. நீங்கள் இருவரும் சிறுபிள்ளைகளாக இருந்தபோது இந்த முடிவை நான் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று தெரியாது, ஒருவேளை அழுது ஆர்ப்பாட்டம் செய்திருப்பீர்கள். இப்போது உன் கூட்டம் ஆர்ப்பாட்டம் செய்யும். உன்னைத் திட்டுவார்கள், என்னையும் சேர்த்துத் திட்டுவார்கள். திட்டட்டும், திட்டுவதற்காகவாவது இந்தக் கதைக்கு ஒரு உம்மா உண்டு என்று தெரிந்துகொள்ளட்டும். கதைக்கு நல்லது என்று செய்தாயா, எரிச்சலில் செய்தாயா என்று நீ கேட்டால், இரண்டும்தான் என்பேன். எரிச்சல் ஒரு கரண்டி கூடவே இருக்கும்.

கொஞ்ச நாள் சத்தமாக இருக்கும். பிறகு அவர்கள் வேறு கதைக்குப் போய்விடுவார்கள். ஒரு நாள் காலையில் நீ போனை எடுத்துப் பார்ப்பாய், அடுத்து என்ன என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மறுநாளும் பார்ப்பாய். அது எப்படி இருக்கும் என்று என்னிடம் கேள், சொல்கிறேன். அன்றைக்கு நீயும் நானும் ஒன்றாகிவிடுவோம் மக்கா, கேட்க ஆளில்லாத இரண்டு பேர்.

உன் உம்மா